ஹெல்சின்கியில் நான்கு குளிர்கால நாள்கள்: இருவருக்கான முழுமையான வழிகாட்டி

ஃபின்லாந்தின் தலைநகருக்குக் குளிர்காலத்தில் போகிறோம் என்று சொன்னால், "அந்த இருட்டில் என்னத்தைப் பார்ப்பீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டிசம்பர் 21 வாக்கில் ஹெல்சின்கியில் சூரியன் காலை சுமார் 9.24க்கு எழுந்து பிற்பகல் 3.13க்கே போய்விடும். பகல் முழுசாக ஆறு மணி நேரம்கூட இல்லை. ஐரோப்பாவின் மற்ற நகரங்களில் செய்வதுபோல, காலை எட்டு மணிக்குக் கிளம்பிப் பத்து இடங்களைத் தொட்டுவிட்டு இரவு திரும்பும் திட்டம் இங்கே எடுபடாது.

ஆனால் இது இருட்டோடும் பனியோடும் வாழப் பழகிய ஊர். நல்ல நூலகம், சவுனா என்ற சூட்டுக் குளியல் அறை, காபிக் கடை, சூடான ட்ராம் என்று நகரத்தின் சிறந்த பகுதிகளில் பாதி கூரைக்குக் கீழேதான் இருக்கிறது. அதனால் திட்டத்துக்கு இரண்டே விதிகள். வெளிச்சம் இருக்கும்போது வெளியே, இருட்டியதும் உள்ளே. இரண்டாவது, இருவரில் யாருக்கு முதலில் குளிருகிறதோ அவர் சொல்வதே முடிவு. "இன்னும் அஞ்சு நிமிஷம்தானே" என்று மற்றவர் இழுக்கக் கூடாது. குளிர்காலப் பயணத்தில் வரும் சண்டைகளில் முக்கால்வாசி அந்த அஞ்சு நிமிஷத்தில்தான் தொடங்குகிறது.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

பிப்ரவரியின் பின்பாதிக்குத்தான் என் வாக்கு. பெரும்பாலும் அதுதான் குளிர் அதிகமான மாதம். ஆனால் தரையில் பனி நிற்கும், கடல் உறைந்திருக்க வாய்ப்பு அதிகம், மாதக் கடைசியில் பகல் பத்து மணி நேரத்தைத் தாண்டிவிடும். வெயிலும் பனியும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கும் நாள்கள் அப்போதுதான் கிடைக்கும்.

டிசம்பருக்கு வேறு அழகு உண்டு. 6ஆம் தேதி சுதந்திர தினம். அன்று மாலை ஜன்னல்தோறும் இரண்டு மெழுகுவர்த்திகள் எரியும், மாணவர்கள் தீப்பந்தம் ஏந்தி செனட் சதுக்கத்துக்கு ஊர்வலமாக வருவார்கள். அதே சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும். 13ஆம் தேதி புனித லூசியா திருநாள் ஊர்வலம். ஆனால் 24, 25, 26 தேதிகளைத் தவிருங்கள். ஃபின்லாந்தில் கிறிஸ்துமஸ் வீட்டுக்குள் நடக்கும் பண்டிகை. 24 மதியத்திலிருந்து கடைகளும் உணவகங்களும் ஒவ்வொன்றாக மூடும், ட்ராமும் குறையும். அந்த மூன்று நாளும் ஓட்டல் அறையில் ரொட்டி தின்றபடி உட்கார்ந்திருக்க நேரலாம்.

ஜனவரி தொடக்கத்தில் லக்ஸ் ஹெல்சின்கி என்ற ஒளித் திருவிழா சில நாள்கள் நடக்கும். நவம்பர் வேண்டவே வேண்டாம். பனி நிற்பது அரிது, வெளிச்சமும் கிடையாது, மழையும் சேறும்தான்.

படி 2: விசாவும் டிக்கெட்டும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுத்தாக வேண்டும். விண்ணப்பிக்கும் நேரம் கிடைப்பதே சில மாதங்களில் கஷ்டம் என்பதால் இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். தம்பதியாகப் போனாலும் விண்ணப்பம் தனித்தனிதான். ஒருவர் செலவில் மற்றவர் போவதாக இருந்தால் திருமணச் சான்றிதழின் நகலையும் சேர்த்து வையுங்கள். இதே பயணத்தில் வேறு ஷெங்கன் நாட்டுக்கும் போகிறீர்கள் என்றால், எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் நேரடி விமானம் இல்லை, எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஷெங்கன் ஊர் வழியாகப் போனால் குடிவரவுச் சோதனை அங்கேயே நடந்துவிடும், அதற்கும் சேர்த்து இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். கனமான ஜாக்கெட், குல்லா, கையுறை மூன்றும் கைப்பையில் வரட்டும். பெட்டி ஒரு நாள் தாமதமானால் மைனஸ் பத்தில் ஸ்வெட்டரோடு நிற்க வேண்டியிருக்கும்.

படி 3: எங்கே தங்குவது

ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் தங்குங்கள். காம்பி, க்ளூவி, க்ரூனுன்ஹாகா பகுதிகள் இதற்குள் அடங்கும். கொஞ்சம் மலிவாகவும் இளைஞர் கூட்டத்தோடும் வேண்டுமென்றால் கல்லியோ. அங்கிருந்து ட்ராம் அடிக்கடி உண்டு. தள்ளி இருக்கும் ஓட்டலில் மிச்சமாகும் காசு ஒரு விஷயத்தில் போய்விடும்: மதியம் குளிர் தாங்காமல் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் படுத்துவிட்டு மறுபடி கிளம்ப முடியாது. இங்கே அந்த இடைவேளை கட்டாயம் தேவைப்படும்.

முன்பதிவு செய்யும்போது இரண்டு விஷயம் பாருங்கள். காலை உணவு விலையில் சேர்ந்திருக்கிறதா. ஓட்டலில் சவுனா இருக்கிறதா. இன்னொன்று, இருவர் படுக்கை என்று கேட்டால் ஒட்டிப்போட்ட இரண்டு மெத்தையும் இரண்டு தனிப் போர்வையும் கொடுப்பது அங்கே வழக்கம். பதற வேண்டாம். போர்வையை யார் இழுத்துக்கொண்டது என்ற வழக்குக்கு வடக்கு நாட்டவர் கண்ட தீர்வு அது, நல்ல தீர்வுதான்.

படி 4: உடை

பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வழக்கமான குளிர்கால நாளில் பூஜ்யத்துக்குச் சற்று மேலேயோ, மைனஸ் ஐந்து வாக்கிலோ இருக்கும். கடும் குளிர் அலை வந்தால் மைனஸ் 15, 20 வரை இறங்கும். ஆனால் ஆளைக் கொல்வது டிகிரி கணக்கு அல்ல, கடல்காற்று. மைனஸ் மூன்றிலும் கடற்கரைச் சந்தையில் காற்று அடித்தால் முகம் மரத்துப்போகும். அதே சமயம் கட்டடங்களுக்குள் எங்கே போனாலும் 20, 21 டிகிரி. ஆகவே ஒரே தடித்த உடுப்பு உதவாது, கழற்றி மாட்டக்கூடிய அடுக்குகள் வேண்டும்.

உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல், மேலும் கீழும். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், நடையை நிறுத்திய கணத்தில் நடுக்கும். அதன் மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். அதற்கும் மேல் காற்றைத் தடுக்கும், இடுப்புக்குக் கீழே இறங்கும் ஜாக்கெட். இந்தியாவில் உள்ள பெரிய விளையாட்டுக் கடைகளிலேயே தெர்மலும் ஃபிளீஸும் நியாயமான விலைக்குக் கிடைக்கும். ஜாக்கெட் மட்டும், குளிர்நாட்டில் இருக்கும் நண்பரிடம் கடன் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். ஜீன்ஸைத் தவிருங்கள், அல்லது உள்ளே தெர்மல் இல்லாமல் போடாதீர்கள்.

காலணியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தடித்த சாக்ஸ் போட்ட பிறகும் விரல்களை ஆட்ட முடிகிற அளவில் பூட்ஸ் வாங்குங்கள். இறுக்கமான பூட்ஸில் எத்தனை சாக்ஸ் போட்டாலும் கால் சில்லிடும். அடிப்பகுதி ரப்பராக, ஆழமான வெட்டுகளோடு இருக்கட்டும். பனியைவிடப் பயப்பட வேண்டியது ஐஸ்தான். பகலில் உருகி இரவில் உறைந்த நடைபாதை கண்ணாடியாக இருக்கும், சரளைக்கல் தூவியிருந்தாலும் வழுக்கும். காலணிக்கு மேல் மாட்டும் முள் பட்டைகள் அங்கே சாதாரணக் கடைகளிலேயே விற்கும். முதல் நாளே ஆளுக்கொன்று வாங்கிவிடுங்கள். காலைச் சின்னச் சின்ன எட்டாக வைத்து, உடம்பைச் சற்று முன்னே சாய்த்து நடந்தால் விழ மாட்டீர்கள்.

விரல் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் உறை அதிகச் சூடு தரும். காதை மூடும் குல்லா, கழுத்துக்கு ஒரு குழாய்த் துணி, உதட்டுக்கு லிப் பாம். ஜாக்கெட்டில் தொங்கும் சிறிய ஒளிதிருப்பியையும் வாங்குங்கள். அங்கே குழந்தை முதல் தாத்தா வரை எல்லோரும் மாட்டியிருப்பார்கள். இருட்டில் தெருவைக் கடக்கும்போது காரோட்டிக்கு உங்களைக் காட்டிக்கொடுப்பது அதுதான். கைபேசியை உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். குளிரில் பேட்டரி திடீரென்று செத்துவிடும்.

படி 5: இறங்கியதும்

வன்டா விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில் நிலையம் இருக்கிறது. ஐ, பி என்ற இரண்டு ரயில்களும் ஒரு வட்டப் பாதையின் இரு திசைகளில் ஓடுபவை. எதில் ஏறினாலும் அரை மணி நேரத்தில் நகர மையம். ஏபிசி மண்டல டிக்கெட் வேண்டும். நகருக்குள் சுற்ற ஏபி போதும். ரயிலில் தடுப்புக் கதவு எதுவும் இல்லை, அதைப் பார்த்து டிக்கெட் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். பரிசோதகர் வருவார், அபராதம் கடுமை. நகரப் போக்குவரத்து அமைப்பான எச்எஸ்எல்லின் செயலியில் ஒரே முறையாக நான்கு நாள் டிக்கெட் எடுத்துவிட்டால் ட்ராம், பஸ், மெட்ரோ, சுவோமென்லின்னா தீவுக்குப் போகும் படகு எல்லாம் அதற்குள் அடங்கும். குளிரும்போதெல்லாம் யோசிக்காமல் ட்ராமில் ஏறிக்கொள்ளலாம் என்பதே இதன் பெரிய லாபம்.

படி 6: முதல் பகல், நகர மையம்

பத்து மணிக்கு, வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினால் போதும். எலியல் சாரினென் வடிவமைத்து 1919இல் திறந்த ரயில் நிலையத்தின் வாசலில் உருண்டை விளக்குகளைக் கையில் ஏந்தி நிற்கும் நான்கு கல் மனிதர்களைப் பாருங்கள். அங்கிருந்து எஸ்ப்ளனாடி பூங்கா வழியாகக் கடற்கரைச் சந்தைக்குப் பத்து நிமிட நடை. சந்தைக்கு மேலே செனட் சதுக்கமும் வெள்ளைப் பேராலயமும். 1812இல், அப்போது ஃபின்லாந்தை ஆண்ட ரஷ்யப் பேரரசர் தலைநகரைத் துர்க்குவிலிருந்து இங்கே மாற்றினார். அப்புறம் கட்டடக் கலைஞர் கார்ல் லுட்விக் எங்கெல் இந்த மையத்தையே புதிதாக வரைந்தார். பேராலயம் முடிந்தது 1852இல், எங்கெல் இறந்து பன்னிரண்டு வருடம் கழித்து. சதுக்கத்தின் நடுவில் இன்றும் நிற்பது ஒரு ரஷ்யப் பேரரசரின் சிலைதான், இரண்டாம் அலெக்சாந்தர். விடுதலைக்குப் பிறகும் ஃபின்லாந்துக்காரர்கள் அதை அகற்றவில்லை. அவர்களுடைய நாடாளுமன்றத்தை மறுபடி கூட்டியவர் என்பதால் அவருக்கு மட்டும் சலுகை. பேராலயப் படிகள் செங்குத்தானவை, ஐஸ் பிடித்திருந்தால் ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து. கையைப் பிடித்துக்கொள்ளக் காரணம் தேடுபவர்களுக்கு நல்ல இடம்.

பிறகு 1889இலிருந்து இருக்கும் பழைய சந்தைக் கூடத்துக்குள் நுழைந்து சால்மன் சூப் குடியுங்கள்; பாலேடும் உருளைக்கிழங்கும் சோம்புக்கீரை போன்ற ஒரு தழையும் சேர்ந்தது, ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டியோடு தருவார்கள். வெளியே வரும்போது சூரியன் இறங்கத் தொடங்கியிருக்கும். சூரியன் மறைந்த பிறகு முக்கால் மணி நேரம் வானமும் பனியும் நீலமாகவே இருக்கும். படம் எடுக்க வேண்டுமென்றால் அப்போதுதான், நடுப்பகலில் அல்ல.

படி 7: இரண்டாம் பகல், சுவோமென்லின்னா

காற்று குறைவான நாளைப் பார்த்து இதை வையுங்கள். முன்னறிவிப்பில் காற்றின் வேகம் அதிகமென்றால் நாளை மாற்றுங்கள். கடற்கரைச் சந்தையிலிருந்து படகில் கால் மணி நேரம். வருடம் முழுவதும் ஓடும். கடல் உறைந்திருந்தால் படகு ஐஸை உடைத்துக்கொண்டு போகும் சத்தமும் அதிர்வும் தனி அனுபவம், குளிர் தாங்கும் வரை வெளித்தளத்தில் நில்லுங்கள்.

1748இல், ஃபின்லாந்து ஸ்வீடனின் பகுதியாக இருந்தபோது, ரஷ்யாவைத் தடுக்கக் கட்டத் தொடங்கிய தீவுக் கோட்டை இது. 1808இல் அதே ரஷ்யாவிடம் பெரிய சண்டையில்லாமல் சரணடைந்தது. 1991இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். ஆனால் வெறும் நினைவிடமாக நினைக்காதீர்கள். எண்ணூறு பேர் அளவில் அங்கே குடியிருக்கிறார்கள், ஜன்னலில் விளக்கு எரியும், சறுக்குவண்டியில் குழந்தையை இழுத்துக்கொண்டு யாராவது போவார்கள். பாலத்தைத் தாண்டித் தெற்கு முனையில் உள்ள மன்னர் வாயில் வரை நடந்து திரும்ப, நின்று நின்று போனால் இரண்டு மணி நேரம். குளிர்காலத்தில் அங்குள்ள உணவகங்களும் அருங்காட்சியகங்களும் பல மூடியிருக்கும், நேரம் குறைந்திருக்கும். பிளாஸ்கில் தேநீர் கொண்டுபோங்கள். உறைந்த கடல் எவ்வளவு அழைத்தாலும், உள்ளூர்க்காரர் நடந்த தடம் தெரிந்தாலும், அதன் மேல் இறங்காதீர்கள். படகு போகும் பாதை அருகில் ஐஸ் மெலிதாக இருக்கும்.

படி 8: மாலை, சவுனா

இதைத் தவிர்த்துவிட்டு வருபவர்கள் ஹெல்சின்கியைப் பாதிதான் பார்த்தார்கள் என்பேன். 56 லட்சம் பேர் வாழும் நாட்டில் சுமார் 30 லட்சம் சவுனாக்கள் இருக்கின்றன. 2020இல் யுனெஸ்கோ ஃபின்லாந்தின் சவுனாப் பண்பாட்டை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம்மவர்களுக்கு முதல் தயக்கம் உடை. அதற்கேற்ப இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஹெர்னெசாரிக் கரையில் 2016இல் திறந்த லொயிலு என்ற மரக் கட்டடத்தில் ஆண் பெண் சேர்ந்தே உட்காரலாம், நீச்சலுடை கட்டாயம். தம்பதிக்கு அதுவே வசதி. இரண்டு மணி நேர முறை. வார இறுதிக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். கடற்கரைச் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள அல்லாஸில் சவுனா ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி, ஆனால் திறந்தவெளிச் சூடான நீச்சல்குளம் பொது. மைனஸில் ஆவி பறக்கும் குளத்தில் கழுத்தளவு நின்றபடி எதிரே பேராலயத்தின் விளக்குகளைப் பார்க்கலாம். பழைய முறை வேண்டுமென்றால் கல்லியோவில் 1928இலிருந்து விறகில் எரியும் கோத்திஹர்யு. அங்கே இரு பாலருக்கும் தனித்தனி அறை, உள்ளே உடையில்லாமல்தான். இடைவேளையில் துண்டோடு வெளியே வந்து தெருவோரம் ஆவி பறக்க உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். எதற்கும் மனம் ஒப்பவில்லையென்றால் ஓட்டல் சவுனாவைத் தனியாக ஒரு மணி நேரம் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

முறை இதுதான். முதலில் நன்றாகக் குளியுங்கள். உட்காரச் சின்னத் துணி எடுத்துப் போங்கள். முதல் தடவை கீழ்ப்பலகையில் உட்காருங்கள். மேலே போகப்போகச் சூடு ஏறும், 80, 90 டிகிரி சாதாரணம். அடுப்புக் கல்லின் மேல் தண்ணீர் ஊற்றும்போது எழும் ஆவிக்குத்தான் லொயிலு என்று பெயர். ஊற்றும் முன் மற்றவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். எட்டுப் பத்து நிமிடத்தில் வெளியே வாருங்கள். யார் அதிக நேரம் தாங்குகிறார் என்று கணவன் மனைவிக்குள் போட்டி வேண்டாம். காற்றில் நின்று ஆறிய பிறகு, தைரியமிருந்தால் கடல். குதிக்கக் கூடாது. ஏணியைப் பிடித்து மெதுவாக இறங்குங்கள், மூச்சை வெளியே விட்டபடி. முதல் பத்து விநாடி மூச்சு திணறும், அது இயல்பு. தலையை நனைக்க வேண்டாம், அரை நிமிடம் போதும். ஏறி வந்ததும் உடம்பு முழுக்க ஒரு சூடு ஓடும் பாருங்கள், அதற்காகத்தான் இத்தனையும். இதய நோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் கடலைத் தொட வேண்டாம். மது குடித்துவிட்டு யாரும் இறங்கக் கூடாது.

படி 9: பனிப்புயல் நாளுக்கு ஒரு பட்டியல்

ஒரு நாளாவது வெளியே நிற்க முடியாமல் போகும். அன்றைக்கு ஊடி நூலகம். நாடாளுமன்றத்துக்கு எதிரில் 2018 டிசம்பர் 5 அன்று, சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் திறந்தார்கள். நுழைய எதுவும் தர வேண்டாம். இரண்டாம் தளத்தில் தையல் இயந்திரமும் முப்பரிமாண அச்சு இயந்திரமும் வைத்துப் பொதுமக்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். மேல்தளத்தில் வெள்ளைக் கூரைக்குக் கீழே புத்தகம், காபி, கண்ணாடிக்கு அப்பால் பனி. மூன்று மணி நேரம் ஓடிவிடும்.

அதேனியம் ஓவியக் கூடத்தில் ஹூகோ சிம்பெரியின் ‘காயப்பட்ட தேவதை’யைத் தேடிப் பாருங்கள், இரண்டு சிறுவர்கள் கண்கட்டிய தேவதையைத் தூக்கிப் போகும் 1903ஆம் ஆண்டு ஓவியம். பல அருங்காட்சியகங்கள் திங்களன்று மூடியிருக்கும். பாறையைக் குடைந்து 1969இல் கட்டிய தெம்பெலியௌகியோ தேவாலயத்துக்கு வழிபாடு, கச்சேரி நேரம் பார்த்துப் போங்கள். செப்புக் கூரைக்கும் பாறைச் சுவருக்கும் நடுவே கண்ணாடி வழியாக இறங்கும் வெளிச்சத்துக்காகவே பகலில் போக வேண்டும்.

படி 10: சாப்பாடு

விலை அதிகம். அதைச் சமாளிக்க ஒரே வழி, பெரிய சாப்பாட்டை மதியம் வைத்துக்கொள்வது. வார நாள்களில் பதினொன்று முதல் இரண்டு மணிவரை ‘லோஉனாஸ்’ என்று பலகை வைத்த இடங்களில் மதிய உணவு இரவு விலையில் பாதிக்குக் கிடைக்கும். பல இடங்களில் சாலட், ரொட்டி, காபி எல்லாம் அதற்குள். நகரம் முழுக்க நேபாள உணவகங்கள் இருக்கின்றன, மூன்றாம் நாள் பருப்பும் சோறும் கேட்டு நாக்கு அடம்பிடித்தால் அங்கே போங்கள். சைவம் என்பதற்கு ‘கஸ்விஸ்’ என்று பட்டியலில் இருக்கும். ரை மாவு ஓட்டுக்குள் அரிசிக் கஞ்சி வைத்துச் சுட்ட கர்யாலன்பிராக்கா எந்தப் பேரங்காடியிலும் கிடைக்கும். மேலே தடவும் வெண்ணெயில் முட்டை சேர்ந்திருக்கும் என்பதைச் சைவர்கள் கவனியுங்கள்.

காபியோடு ஏலக்காய் மணக்கும் கொர்வபூஸ்தி என்ற சுருள் பன். ஏலக்காயை நம்மைவிட தாராளமாகப் போடுகிறார்கள் என்பது இங்கே வந்து தெரிந்துகொள்ளும் ஆச்சரியம். ஜனவரியிலும் பிப்ரவரி 5 வரையிலும் கவிஞர் ரூனெபெரியின் பெயரில் வரும் கேக், அதன் பிறகு பாலேடும் பாதாம் விழுதும் அடைத்த லஸ்கியாய்ஸ்புல்லா என்ற பன். இசையமைப்பாளர் சிபேலியஸின் நினைவுச் சின்னத்துக்கு அருகில், கடலோரம் உள்ள ரெகாட்டா என்ற சிவப்புக் குடிசைக் கடையின் வெளியே நெருப்பு எரியும், அதைச் சுற்றி உட்காரலாம். டிப்ஸ் தர வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீரே அருமை, பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

படி 11: நான்காம் நாள்

வடக்கொளி (இரவு வானில் தெரியும் அரோரா) பார்க்க முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஹெல்சின்கியில் நம்பிப் போகாதீர்கள். தெற்கே இருக்கிறது, நகர வெளிச்சமும் அதிகம். அதற்கு நாட்டின் வடகோடியில் உள்ள லாப்லாந்து போக வேண்டும், ரொவானியமி வரை இரவு ரயிலில் சுமார் 12 மணி நேரம். அது தனிப் பயணம், இந்த நான்கு நாளில் திணிக்க வேண்டாம். பதிலாக இரண்டு மணி நேரக் கப்பலில் எஸ்தோனியாவின் தல்லின் போய் இரவே திரும்பலாம். ஷெங்கனுக்குள்தான், ஆனாலும் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். காடு பிடிக்கும் என்றால் நூக்ஸியோ தேசியப் பூங்கா, ரயிலும் பஸ்ஸும் மாறி ஒரு மணி நேரத்தில்.

ஊருக்கு வாங்கிப் போகும் ஃபாட்ஸர் சாக்லேட்டை விமான நிலையத்தில் வாங்காமல் முந்தின நாளே பேரங்காடியில் எடுத்துவிடுங்கள். பக்கத்திலேயே கறுப்பாக சல்மியாக்கி இருக்கும், அம்மோனியம் குளோரைடு சேர்த்த அதிமதுர மிட்டாய். உறவினர்களுக்கென்று பத்துப் பொட்டலம் அள்ளும் முன், ஒன்றைப் பிரித்து இருவரும் வாயில் போட்டுப் பாருங்கள்.